ஆபரேஷனில் கட்டிய பெல்ட்டால் மணிக்கட்டு தூக்க வரலை: எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

தறிவீடு (குமாரபாளையம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கங்க. என் வீட்டுக்காரர் பவர்லூம் ஓட்டுறவர், வயசு 46. வண்டியில இருந்து விழுந்து வலது முன்கையில ரெண்டு எலும்பும் முறிஞ்சுபோச்சு. பிளேட் வச்சு ஆபரேஷன் பண்ணாங்க. கழுத்துக்குப் பக்கத்துல ஊசி போட்டு கையை மட்டும் மரக்க வச்சாங்க. ஆபரேஷன் முடிஞ்சு ராத்திரி மரப்பு விட்டதும் விரலை மடக்குனார், ஆனா மணிக்கட்டை மேல தூக்கவே வரலை. கை அப்படியே தொங்குது. கட்டைவிரலுக்குப் பின்னாடி தோல் மரத்திருக்கு.

டாக்டரைக் கேட்டதுக்கு, "ரத்தம் வராம இருக்க மேல்கையில டூர்னிக்கெட் கட்டுவோம், அதுல நரம்பு அமுங்கியிருக்கு, தானா சரியாயிடும், மூணு மாசம் பொறுங்க"ன்னு சொல்லி பி12 மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாளையோட மூணு வாரம் ஆகுது. ஒரு அசைவும் இல்லைங்க. அவருக்குச் சர்க்கரையும் இருக்கு, மாத்திரை போடுறார். தறியில இழை அறுந்தா முடியறதுக்கு மணிக்கட்டு நிக்கணும். அது தொங்கிட்டே இருந்தா பொழப்பே இல்லை. எங்க மாமியார் எண்ணெய் போட்டு நீவி விடலாம்ங்கறாங்க. சும்மா காத்திருக்கிறது சரியா? நாங்க செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா?

இயன்முறை_மதுரை எழுதியது:

வணக்கம்மா. நான் இயன்முறை மருத்துவர். கை முறிவு, நரம்பு அடிபட்டவங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்க டாக்டர் சொன்னது பொய்யில்லை, டூர்னிக்கெட்டில் அமுங்கின நரம்பு பெரும்பாலும் திரும்பி வந்துடும். ஆனா "பொறுங்க"ங்கிற ஒரே வார்த்தையோட வீட்டுக்கு அனுப்பினதை என்னால ஏத்துக்க முடியலை. நரம்பு வர்ற வரைக்கும் கையைக் காப்பாத்தி வைக்கணும். நரம்பு வந்து சேர்றப்ப மூட்டு இறுகிக் கிடந்தா வந்த நரம்பால பிரயோஜனம் இல்லை.

முதல்ல அடி எந்த இடத்துலன்னு பார்ப்போம். மணிக்கட்டைத் தூக்குற ரேடியல் நரம்பு, மேல்கை எலும்பை ஒட்டிச் சுத்திக்கிட்டு வருது. பெல்ட் கட்டுற இடமும் அதுதான். அதனாலதான் கையில டூர்னிக்கெட்டால அதிகம் அடிபடுறது இந்த நரம்பு. ஆனா உங்க வீட்டுக்காரருக்கு வேற ரெண்டு காரணமும் இருக்கலாம்: கழுத்துப் பக்கம் போட்ட ஊசி, இல்லைன்னா முன்கையில வச்ச பிளேட். வீட்டுல மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஒண்ணு, மடக்கின முழங்கையை அவரால நல்லா நீட்ட முடியுதா? தோள் சரியா அசையுதா?

ரெண்டு, கட்டைவிரல் மேலே பார்க்கிற மாதிரி கையை வச்சுக்கிட்டு முழங்கையை மெல்ல மடக்கட்டும். நீங்க எதிர்த்து அழுத்தாதீங்க, பிளேட் புதுசு. முழங்கைக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் பக்கம் ஒரு தசை புடைச்சு எழும்பணும். இடது கையில எப்படி எழும்புதுன்னு பார்த்துட்டு வலதை ஒப்பிடுங்க.

மூணு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புறங்கைத் தோல்ல பஞ்சால தொட்டா தெரியுதா?

பிளேட் வைக்கிறப்ப நரம்போட ஆழமான கிளை அடிபட்டிருந்தா, மணிக்கட்டு ஓரளவு தூக்க வரும், கட்டைவிரல் பக்கம் சாஞ்சு தூக்கும், தோல் மரக்காது, விரல்தான் நீட்ட வராது. பெல்ட்டுக்கு அடியில அடின்னா மணிக்கட்டே தொங்கும், அந்தத் தசையும் எழும்பாது, தோலும் மரக்கும். கழுத்து ஊசியால வர்றது பெரும்பாலும் ஒரு நரம்போட நிக்காது. இதெல்லாம் கணிப்புக்குத்தான், உறுதியாச் சொல்றது நரம்பு டெஸ்ட்.

எண்ணெய் போட்டு நீவுறது வேண்டவே வேண்டாம். உள்ளே எலும்பு இன்னும் சேரலை. மரத்த இடத்துல ஒத்தடமும் கூடாது. சூடு தெரியாம தோல் வெந்துபோய் வந்தவங்களைப் பார்த்திருக்கேன். டீ டம்ளரைக்கூட இடது கையால எடுக்கச் சொல்லுங்க.

தியேட்டர்_டெக் எழுதியது:

அக்கா, நான் ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து டெக்னீஷியன். டூர்னிக்கெட்டை ஏத்துறதும் இறக்குறதும் எங்க கையிலதான் இருக்கு. அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

முதல் வேலையா ஆபரேஷன் நோட்ஸும் மயக்க மருந்து சார்ட்டும் நகல் கேளுங்க. எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002ஆம் வருஷத்து இந்திய மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கு. சண்டைக்குப் போற தோரணை வேண்டாம். "நரம்பு டெஸ்டுக்குப் போறோம், அங்க கேட்பாங்க"ன்னு சொன்னா போதும். அதுல எவ்வளவு பிரஷர், எத்தனை மணிக்கு ஏத்தினாங்க, எப்போ இறக்கினாங்கன்னு இருக்கணும்.

ஏன் கேட்கச் சொல்றேன்னா, நிறைய இடத்துல கைக்கு 250, காலுக்கு 300 (பி.பி. மாதிரியே மி.மீ. பாதரசக் கணக்கு)னு கண்ணை மூடிக்கிட்டு வைக்கிறது பழக்கமாப் போச்சு. அது சரியான முறை இல்லை. ஒவ்வொருத்தர் கைக்கும் ரத்தம் நிக்கிற அளவு வேற. கைநாடி மேல ரத்த ஓட்டத்தோட சத்தத்தைக் கேட்க வைக்கிற டாப்ளர் கருவியை வச்சு, காத்து ஏத்திக்கிட்டே போய், சத்தம் எங்க நிக்குதோ அதைக் குறிச்சுக்கணும். அது 130க்குக் கீழன்னா 40 கூட்டணும், 131இல் இருந்து 190 வரைன்னா 60, அதுக்கு மேலன்னா 80. குழந்தைகளுக்கு 50. இந்தக் கணக்குல போனா நிறையப் பேருக்கு 250 தேவையே படாது. டாப்ளர் வைக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகாது, ஆனா அந்த அஞ்சு நிமிஷத்தைக் கொடுக்க மனசு வர்றதில்லை.

நேரமும் முக்கியம். ரெண்டு மணி நேரம்தான் எல்லை. அதுக்கு மேல போகும்னா நடுவுல 10, 15 நிமிஷம் இறக்கி ரத்தம் ஓடவிட்டு மறுபடி ஏத்தணும். அப்பவும் ஆபத்து குறையுமே தவிர போயிடாது. நான் 60 நிமிஷம் ஆனதும் சத்தமாச் சொல்லுவேன், 90லயும் சொல்லுவேன், அதுக்கப்புறம் விடாம சொல்லிக்கிட்டே இருப்பேன். சர்ஜன் எரிச்சல்பட்டாலும் சொல்லுவேன்.

இன்னொண்ணு. மெஷின் இல்லாத இடத்துல ரப்பர் பேண்டேஜையே இறுக்கிச் சுத்தி டூர்னிக்கெட்டா விட்டுடுவாங்க. உள்ளே எவ்வளவு அழுத்தம்னு யாருக்கும் தெரியாது, காத்துப் பெல்ட்டைவிடப் பல மடங்கு போகும். ரப்பர் பட்டையை எஸ்மார்க்ங்கிற ஜெர்மன் சர்ஜன் கொண்டுவந்தது 1873ல. நரம்பு அடிபடுதுன்னு பார்த்து அமெரிக்க சர்ஜன் ஹார்வி குஷிங் காத்து ஏத்துற பெல்ட்டுக்கு மாத்தினது 1904ல. இத்தனை காலத்துக்கு அப்புறமும் ரப்பரைச் சுத்துறாங்கன்னா எனக்குக் கோபம்தான் வருது.

இது அபூர்வமா வர்றதுதான். 1974ல ஆஸ்திரேலியாவுல கணக்கெடுத்தப்ப கை ஆபரேஷன்ல 5,000க்கு ஒண்ணு, கால்ல 13,000க்கு ஒண்ணுன்னு வந்தது. வந்தவங்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் இல்லைன்னும் எனக்குத் தெரியும்.

வலதுகால் எழுதியது:

சகோதரி, எனக்கு முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்குத் தொடையில கட்டினதுல பாதம் தொங்கிப்போச்சு. நடந்தா செருப்பு கழண்டுபோய் பின்னாடி கிடக்கும். கணுக்காலைத் தாங்குற பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட்டை ஒரு சைஸ் பெரிய ஷூவுக்குள்ள போட்டுத்தான் வேலைக்குப் போனேன். மாசக்கணக்கா ஒண்ணும் தெரியலை. அப்புறம் ஒருநாள் படுத்திருக்கிறப்ப பாதம் லேசா ஓரமாத் திரும்புச்சு, அதுதான் ஆரம்பம். பெருவிரல் கடைசியாத்தான் வந்துச்சு. இப்போ படி ஏறுறேன், வண்டி ஓட்டுறேன். ராத்திரியில ஷாக் அடிக்கிற மாதிரி வலிச்சதுக்கு டாக்டர் பிரிகாபலின் கொடுத்தார், நல்லாக் கேட்டுச்சு, ஆனா தூக்கமாத் தள்ளும். உங்க வீட்டுக்காரருக்கு அது எழுதினா, அதைப் போட்டுக்கிட்டு தறிப் பக்கம் போக விடாதீங்க.

தறிவீடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நோட்ஸ் வாங்கிட்டோம், கேட்டதும் கொடுத்துட்டாங்க. டூர்னிக்கெட் 300ன்னு போட்டிருக்கு. ஏத்தினது 10.40, இறக்கினது 12.55. நடுவுல இறக்கினதா எழுதலை.

மதுரை சார் சொன்ன மாதிரி பார்த்தோம். முழங்கை நல்லா நீட்டுறார், தோளும் சரியா இருக்கு. அந்தத் தசை இடது கையில எழும்புது, வலதுல எழும்பலை. பஞ்சு வச்சா தெரியலை, ஆனா ஐஸ் கட்டி வச்சா சில்லுன்னு தெரியுதுங்கறார். ஒரு சந்தேகம், நேத்து மேசை மேல கையை வச்சிருந்தப்ப விரல் நுனி நீட்டுனார். வந்துடுச்சுன்னு எங்க பொண்ணு கத்திட்டா. அது நிஜமா வந்ததா சார்?

தியேட்டர்_டெக் எழுதியது:

முன்கை ஆபரேஷனுக்கு 300 அதிகம் அக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு மேல 15 நிமிஷம் போயிருக்கு. சர்க்கரை இருக்கிறவங்க நரம்பு ஏற்கெனவே பலவீனமா இருக்கலாம், அவங்களுக்கு இன்னும் கவனமா வச்சிருக்கணும். அந்தச் சார்ட்டைப் பத்திரமா வைங்க. டெஸ்ட் எடுக்கிற டாக்டர்கிட்ட அதை முதல்ல காட்டுங்க.

இயன்முறை_மதுரை எழுதியது:

தெளிவா எழுதியிருக்கீங்கம்மா, இவ்வளவு விவரத்தோட என்கிட்ட வர்றவங்க குறைவு. நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா அடி மேல்கையில, பெல்ட் இருந்த இடத்துலதான். முழங்கையை நீட்டுற தசைக்கு நரம்பு கொஞ்சம் மேலேயே பிரிஞ்சு போயிடுது, அதனால அது தப்பிச்சிருக்கு. தொட்டா தெரியாம குளிர் தெரியுறது இந்த வகை அடியில அடிக்கடி பார்க்கிறது. அசைவுக்கும் தொடு உணர்வுக்கும் போற இழைகள் தடிமனானவை, கரண்ட் வயருக்கு மேல இருக்கிற உறை மாதிரி மயலின்ங்கிற உறை போட்டவை. வலி, சூடு, குளிருக்குப் போறது மெல்லிய இழைகள். பெல்ட் முதல்ல கெடுக்கிறது தடிமனானதைத்தான்.

1972ல லண்டன்ல பபூன் குரங்குகளுக்குக் கட்டிப் பார்த்தாங்க. நரம்பு கெட்டிருந்தது பெல்ட்டோட நடுவுல இல்லை, ரெண்டு ஓரத்துலயும். ஓரத்துல அழுத்தம் சட்டுன்னு மாறுறதால உள்ளே இருக்கிறது பக்கவாட்டுல தள்ளப்படுது, சட்டைக் கையை உள்பக்கமாத் திணிச்ச மாதிரி மயலின் உறை தனக்குள்ளேயே சொருகிக்கிச்சு. ரத்தம் நின்னதால மட்டும் வர்ற கேடு இல்லை இது, நசுங்குறதால வர்றது. உறை மட்டும் கெட்டு உள் இழை அறுபடாம இருந்தா உடம்பே உறையைத் திரும்பப் போட்டுக்கும். சில நாள்லயும் வரலாம், பெரும்பாலும் மூணு மாசத்துக்குள்ள வந்துடும். உள் இழையே அறுந்திருந்தா அடிபட்ட இடத்துல இருந்து புதுசா வளர்ந்து வரணும். அது நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான், மாசத்துக்கு ஓர் அங்குலம். மேல்கையில இருந்து முன்கைக்கு எவ்வளவு தூரம்னு டேப் வச்சு அளந்து பாருங்க, எவ்வளவு காலம் ஆகும்னு உங்களுக்கே புரியும்.

இந்த ரெண்டுல எதுன்னு சொல்லத்தான் நரம்பு கடத்தல் சோதனையும், தசைக்குள்ள ஊசி வச்சுப் பார்க்கிற ஈ.எம்.ஜி.யும். அதுக்குச் சரியான நேரம் மூணு வாரத்துல இருந்து நாலு வாரம், அதாவது இப்போ. முதல் வாரத்துல எடுத்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியலாம். இழை அறுந்த தசையில ஊசிக்குத் தெரியுற துடிப்பு வர ரெண்டு மூணு வாரம் ஆகும். பெல்ட் இருந்த இடத்துக்குக் கீழே நரம்பைக் கரண்ட்டால தூண்டினா தசை நல்லா அசையுது, மேலே தூண்டினா அசையலைன்னா அது உறை கெட்டதால வந்த அடைப்பு மட்டும்தான், சந்தோஷப்படலாம். கீழே தூண்டினாலும் அசையலை, ஊசியிலயும் துடிப்பு இருக்குன்னா இழை அறுந்திருக்கு, நீண்ட காத்திருப்பு. பெல்ட்டுக்கு மேலேயும் தூண்டிப் பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டுல எழுதி வாங்குங்க. முழங்கைக்குக் கீழே மட்டும் பார்த்துட்டு "நார்மல்"னு ரிப்போர்ட் வந்த கதையும் உண்டு.

பொண்ணு கத்தினதைப் பத்தி. மனசு கஷ்டப்படுத்த விரும்பலை, ஆனா அது ரேடியல் நரம்பு வந்த அடையாளம் இல்லைம்மா. மணிக்கட்டுக்குத் தாங்கல் கிடைச்சா விரலோட நடுக்கணுவையும் நுனிக்கணுவையும் உள்ளங்கையில இருக்கிற சின்னத் தசைகளே நீட்டிடும், அதுக்கு வேற நரம்பு. விரல் உள்ளங்கையோட சேர்ற அடிக்கணுவைப் பாருங்க. அது மேல எழும்பணும். முதல்ல வர வேண்டியது நீங்க தேடின அந்த முழங்கைத் தசை, அடுத்து மணிக்கட்டு, அப்புறம் விரல், கட்டைவிரல் கடைசி. இந்த வரிசை தெரிஞ்சா தினமும் கட்டைவிரலையே பார்த்து ஏங்க வேண்டாம்.

இன்னைக்கே செய்ய வேண்டியது ஸ்பிளிண்ட். மணிக்கட்டை 20, 30 டிகிரி மேல்நோக்கித் தாங்குற காக்-அப் ஸ்பிளிண்ட். வாங்குறப்ப ஒண்ணு கவனிங்க, உள்ளங்கையில விரல் மடங்குற ரேகைக்குக் கீழேயே அது முடியணும். கடையில கிடைக்கிறது பாதி அந்த ரேகையைத் தாண்டி வந்து விரலை மடக்க விடாது. தையல் மேல அழுந்தவும் கூடாது. போட்டு அரை மணி கழிச்சுக் கழட்டி, தோல்ல சிவப்புத் தடம் நிக்குதான்னு பாருங்க, மரத்த தோலுக்கு அழுத்துறது தெரியாது. அதைப் போட்டதும் பிடிமானம் கூடுறது உங்களுக்கே தெரியும். இப்போ அவர் பிடி தளர்ந்திருக்கிறது விரல் பலவீனத்தால இல்லை, மணிக்கட்டு தொங்குறதால. இடது கையால வலது மணிக்கட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உங்க விரலை இறுக்கச் சொல்லிப் பாருங்க.

ஸ்பிளிண்ட்டைக் கழட்டி ஒரு நாளைக்குப் பல தடவை இடது கையால வலது கையை அசைக்கணும். மணிக்கட்டைப் பின்னால, விரல்களை நீட்டியபடியே பின்னால, கட்டைவிரலை வெளியே விரிச்சு. வலிக்க வலிக்க வேண்டாம், கடைசி வரைக்கும் போகணும், அவ்வளவுதான். முன்கையைத் திருப்புற பயிற்சி மட்டும் எலும்பு டாக்டர் சரின்னு சொன்ன பிறகு. லேசா அசைவு வர ஆரம்பிச்சதும் கையைச் சுண்டுவிரல் பக்கமா சாய்ச்சு கேரம் போர்டு மேல வைங்க, கொஞ்சம் கேரம் பவுடர் தூவுங்க. எடையில்லாம மணிக்கட்டைப் பின்னால வழுக்க முடியும். நிமிர்த்தித் தூக்க வராத தசை அங்க வேலை செய்யும்.

கரண்ட் வைக்கிறது பத்திக் கேட்பீங்க. உறை மட்டும் கெட்டிருந்தா தேவையில்லை, இழை அறுந்திருந்தா அதனால நரம்பு சீக்கிரம் வளரும்னு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் காசை ஸ்பிளிண்ட்டுக்குச் செலவு பண்ணுங்கன்னுதான் நான் சொல்வேன். பி12 உடம்புல குறைவா இருந்தா மட்டும்தான் அதோட பலன். அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போட்டா குறைய வாய்ப்பு இருக்கு, ரத்தத்துல அளவு பார்த்துடுங்க. மூணு மாதச் சர்க்கரையும் பாருங்க, அது ஏறியிருந்தா நரம்பு வளர்றது தாமதமாகும்.

எப்ப வரைக்கும் பொறுக்கிறது, இதுதான் உங்க முதல் கேள்வி. மூணு மாசம் ஆகியும் கையிலயும் இல்லை, இரண்டாவது ஈ.எம்.ஜி.யிலயும் ஒண்ணும் வரலைன்னா, அன்னைக்கே நரம்பு அல்லது கை அறுவை டாக்டர்கிட்ட போகணும். ஆறு மாசம் தாண்ட விடக் கூடாது. நரம்பு போய்ச் சேராத தசை 12ல இருந்து 18 மாசத்துக்குள்ள திரும்ப முடியாத அளவுக்குக் கெட்டுப்போகும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. அந்த நிலைமை வந்தாலும் வழி அடைஞ்சு போறதில்லை. வேலை செய்யுற ஒரு தசைநாணை எடுத்து மணிக்கட்டைத் தூக்குற தசைநாணோட இணைக்கலாம். தொழுநோயால கை முடங்கினவங்களுக்கு வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியிலேயே தசைநாணை மாத்திவச்சு கையை வேலை செய்ய வச்சவர். நம்ம ஊருக்கு இந்த வித்தை புதுசில்லை. ஆனா அதுக்கும் மூட்டு இளகி இருக்கணும். அதனாலதான் இன்னைக்கே பயிற்சின்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: ஆபரேஷன் முடிஞ்ச முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல கை கல்லு மாதிரி வீங்கி, விரலை நீட்டிவிட்டாலே தாங்க முடியாத வலி வந்தா அது நரம்பு அமுங்கின கதை இல்லை. தசைக்குள்ள அழுத்தம் ஏறுது. காலை வரைக்கும் பொறுக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

தறிவீடு எழுதியது:

சார், ஈரோட்டுல வியாழக்கிழமைக்கு டெஸ்ட் நேரம் கிடைச்சிருக்கு. பெல்ட்டுக்கு மேலயும் பார்க்கணும்னு எழுதி வாங்கிட்டேன். ஸ்பிளிண்ட் போட்டதும் தோசையைப் பிச்சுச் சாப்பிட்டார். டெஸ்டுக்கு ஏதாவது தயார் பண்ணணுமா? வெறும் வயித்துல போகணுமா?

இயன்முறை_மதுரை எழுதியது:

சாப்பிட்டுட்டே போகலாம்மா. சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போல. அன்னைக்குக் கையில எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் வேண்டாம், தோல் சுத்தமா இருந்தாத்தான் கருவி ஒட்டும். அக்குள் வரைக்கும் ஏத்திவிடக்கூடிய தளர்வான சட்டை போடச் சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறார்னாலும், நெஞ்சுல பேஸ்மேக்கர் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லணும். கை ஜில்லுன்னு இருந்தா அளவு தப்பா வரும், ஏசி அறையில காத்திருக்கிறப்ப ஒரு துண்டைச் சுத்தி வைங்க. ரிப்போர்ட் வந்ததும் அதுல இருக்கிற எண்களோட இங்கேயே எழுதுங்க. முக்கியமா மேல்கையில தூண்டினதும் முழங்கையில தூண்டினதும் எவ்வளவுன்னு ரெண்டையும் போடுங்க.